அம்மா வந்திருக்காங்க

அந்தத் தடவை நான் கடல் தாண்டித் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது பதினான்கு வெள்ளைக் கற்களுக்காக.

கொழும்பு செட்டியார் தெருவில் நான் வேலை பார்க்கும் நகைக்கடையில், ஒரு கல்யாணத்துக்கு ஏழு கல் தோடு ஒரு ஜோடி கேட்டிருந்தார்கள். வைரத்துக்கு வசதியில்லாதவர்கள் திருச்சிக் கல் கேட்பார்கள். அதிலும் எங்கள் முதலாளிக்கு உறையூர் கோவிந்தசாமி பட்டை தீட்டிய கல்தான் வேண்டும். தபாலில் அனுப்பச் சொன்னால் தொலைந்துவிடும், தொலையாவிட்டால் மாற்றிவிடுவார்கள் என்று நான்தான் நாலு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். "அப்போ நீயே போய் வாங்கிட்டு வா" என்று முதலாளி சொல்லிவிட்டார். என் வாயால் வந்த வினை அது. அதே பயணத்தில் என் வாயால் இன்னொரு வினையும் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷம். கப்பலில் வந்த காய்ச்சல் என்றும் புளு ஜுரம் என்றும் ஊருக்கு ஒரு பெயரில் அந்த ஜுரம் சுற்றிக்கொண்டிருந்த காலம். கொழும்பிலும் அது ஒரு சுற்று வந்து போயிருந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. வந்து போனவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். வராத நான்தான் தினமும் நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டியில் துணியைவிட மருந்து அதிகம். நீலகிரித் தைலம், கர்ப்பூரம், சுக்குப் பொடி, சுடுதண்ணீருக்கு ஒரு பிளாஸ்க், எனக்கென்று ஒரு தனி டம்ளர்.

சத்திரம் பக்கம் ஒரு லாட்ஜில் மாடி அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை நேர் எதிரே தெரியும் என்றார்கள். நான் திறக்கவில்லை. காற்றில் என்ன வருமோ!

"காபி கிடைக்குமா?" என்று மேனேஜரைக் கேட்டேன். ராஜகோபால் என்று பெயர். குண்டான மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

"மாஸ்டருக்கு ஜுரம் சார். சப்ளையருக்கு ஜுரம். மாவாட்டுறவனுக்கு நேத்து வரைக்கும் ஜுரம், இன்னிக்கு அவன் பொண்டாட்டிக்கு. பாக்கி நான் ஒருத்தன்தான். என் கையால காபி குடிச்சா, இதுக்கு ஜுரமே தேவலாம்பீங்க."

"சுடுதண்ணியாவது?"

"விறகு நனைஞ்சு கிடக்கு. காவேரித் தண்ணி சார், பச்சையாவே அமிர்தம்!"

அவருக்கு அமிர்தம். நான் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. கொழும்பில் இந்நேரம் பாண் ரொட்டி வெட்டி, பால் விடாத பிளேன்டீ ஊற்றி, தேங்காய்ப்பால் சொதி சுடச்சுட இருக்கும். இங்கே முதல் நாள் மத்தியானம் எனக்குக் கிடைத்தது முந்தின நாள் இட்லி இரண்டும், சட்னி என்று சொல்லப்பட்ட ஒன்றும். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அந்த நாலு நாளும் என் தலைக்குள் இருந்தது இதுதான். வேறெதற்கும் அங்கே இடமில்லை.

சாயங்காலம் காதர் பாய் என்பவரின் ஜட்கா வண்டியில் உறையூர் போனேன். நாச்சியார் கோயிலைத் தாண்டி ஒரு சந்து. வண்டி முனையிலேயே நின்றுவிட்டது, உள்ளே திரும்ப இடமில்லை. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. எந்த வீட்டிலும் பட்டை தீட்டும் சக்கரத்தின் சத்தம் கேட்கவில்லை. இருமல் சத்தம்தான் கேட்டது.

கோவிந்தசாமியின் வீட்டுக் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தேன். அவர் மனைவி செல்லம்மாள் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். முகம் வாடிக் கிடந்தது, குரல் கம்மியிருந்தது.

"கோவிந்தசாமி இருக்காரா? கொழும்பிலேருந்து வந்திருக்கேன், கல்லுக்காக."

"அவருக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க. எந்திரிக்கவே முடியலை. நீங்க உள்ளே வராதீங்க."

நான் ஓரடி பின்னால் வைத்தேன். அது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"பயப்படாதீங்க" என்றார். "அம்மா வந்திருக்காங்க. செத்த இருங்க..."

அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் விழவில்லை.

அம்மா வந்திருக்காங்க. வாசலில் வேப்பிலை. உள்ளே வராதீங்க. தமிழ் பேசுகிற எந்த வீட்டிலும் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். அம்மை என்று வாயால் சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கா, ஆத்தா இறங்கியிருக்கா என்று கும்பிட்டுத்தான் சொல்லுவோம். என் தம்பி அம்மையில் போனான். அவனுக்கு ஏழு வயது. அப்பா அதோடு ஒடுங்கிப் போனார். அந்த வருஷமே என் பள்ளிக்கூடமும் போயிற்று, ஆறாம் வகுப்போடு நகைக்கடையில் கூட்டிப் பெருக்கப் போனேன். வேப்பிலை வாசனை அடித்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

திரும்பி நடந்தேன் என்று எழுதலாம். ஓடினேன் என்பதுதான் சரி.

"என்ன சார், போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றார் காதர் பாய்.

"வண்டியை எடுங்க பாய். அந்த வீட்டுல அம்மை."

"யா அல்லா! நெசமாவா? இங்க எல்லாம் புளு ஜுரம்னுல்ல சொன்னாங்க?"

"அந்தம்மாவே சொன்னாங்க. வாசல்ல வேப்பிலை தொங்குது."

பாய் குதிரையைத் தட்டினார். "வீட்டுல நாலு புள்ளைங்க சார் எனக்கு" என்றார்.

"அப்போ இந்தச் சந்துப் பக்கமே சவாரி ஏத்தாதீங்க. ஸ்டாண்டுல மத்தவங்ககிட்டயும் சொல்லி வைங்க."

நல்லது செய்கிறோம் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்துப் பார்க்கும்போது, அந்த நிமிஷத்தில் என் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதனால் என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பால்காரக் கோனார் லாட்ஜுக்கு வந்தார். பேச்சு கொடுத்தேன். அவர் மாடு கட்டியிருப்பதே உறையூரில்தான் என்றார்.

"கல்லு தீட்டுற கோவிந்தசாமி வீட்டுக்கும் நீங்கதானா?"

"ஆமாங்க. கால்படி. இப்ப ஜுரம்னு அரைப்படியாக் கேட்டாங்க."

"அது ஜுரமில்லை கோனாரே, அம்மை. அங்கே அளந்த படியாலதான் இங்கேயும் அளக்குறீங்களா?"

கோனார் கையில் இருந்த படியைப் பார்த்தார். அப்புறம் மேனேஜரைப் பார்த்தார். ராஜகோபால் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"ஒண்ணு அந்த வீட்டை விடுப்பா, இல்லாட்டி எங்களை விடு" என்றார்.

லாட்ஜுக்கு எட்டுப் படி. கோனார் எதை விட்டிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று அம்மை குத்தும் ஆளைத் தேடிப் போய் நானே கையை நீட்டிக் குத்திக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கை கனத்துவிட்டது. அறையில் உட்கார்ந்து முதலாளிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். காபி இல்லை, சுடுதண்ணீர் இல்லை, மெத்தையில் மூட்டைப்பூச்சி, இட்லி கல் மாதிரி, கல்லோ கிடைக்கவில்லை என்று எல்லாம் எழுதினேன். அந்தக் கடைசி வேடிக்கையை எழுதிவிட்டு நானே ரசித்தேன். கோவிந்தசாமி வீட்டில் அம்மை என்பதை ஓரத்தில் ஒரு வரியில் எழுதியிருந்தேன். இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் லாட்ஜில் அடைந்து கிடக்கப் பிடிக்கவில்லை. "ஸ்ரீரங்கம் போயிட்டு வாங்க சார், காவேரி கரை புரண்டு ஓடுது" என்று ராஜகோபால் கிளப்பிவிட்டார். டவுன் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. ஊரே காய்ச்சலில் கிடக்கிறது என்றார்களே, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைத்தேன். கைக்குட்டையில் தைலத்தைக் கொட்டி முகத்தில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "சாருக்கு ஜலதோஷமா? அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுங்க" என்றார்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆறு காவி நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. பெண்கள் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டிருந்தார்கள், காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டார்கள். படியில் ஓர் ஐயங்கார் மாமி, இலையில் சித்ரான்னங்களை வரிசையாக வைத்துக்கொண்டு எதிரே போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, புளியோதரை ஒரு வாய் எடுத்துக்கோங்கோ. பெருமாள் அமுது செஞ்சது."

மூன்று நாள் பசி எனக்கு. வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனாலும் எத்தனை பேர் கை பட்டதோ என்று, "வயிறு சரியில்லைங்க" என்றேன்.

"ஜுரத்துக்குப் பயமாக்கும்! எங்காத்துல அஞ்சு பேரும் படுத்து எழுந்தாச்சு. அடுத்தாத்துக்காரா கொண்டு வந்து குடுத்த கஞ்சியிலதான் எழுந்தோம். அவா படுத்தப்போ நான் கொண்டு போய்க் குடுத்தேன். பயந்துண்டு கதவைச் சாத்திண்டா ஆகுமோ?"

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இவர்கள் சொல்லுவது ஜுரம், அங்கே இருப்பது அம்மை, இரண்டும் ஒன்றா என்று மனசுக்குள் வழக்காடி ஜெயித்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. முன்னால் மாட்டுவண்டிகள், ஜனக்கூட்டம். வெயிலில் இறங்கி நின்றபோதுதான் பஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டியிருந்தது.

கண்டக்டரைக் கேட்டேன். "என்னப்பா, வேப்பிலை எதுக்கு? டிரைவர் வீட்டுல யாருக்காவது அம்மையா?"

அவன் பஸ்ஸுக்குள் தலையை விட்டு உரக்கச் சொன்னான். "அண்ணே, நம்ம பஸ்ஸுக்கு அம்மை போட்டிருக்கான்னு சார் கேக்குறாரு!"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார்.

"எந்த ஊர் சார் உங்களுக்கு? ஆடி மாசம் சார்! இன்னிக்குப் பதினெட்டு. மாரியாத்தாளுக்கு வேப்பிலை கட்டாத வாசல் எது, வண்டி எது?"

கொழும்பில் எனக்கு ஜூலை, ஆகஸ்டுதான். ஆடி என்பதே மறந்து போயிருந்தது. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அவ்வளவு தண்ணீர் ஓடியது. வேப்பிலை ஆடிக்கு என்றால் அந்தம்மா சொன்னது? பயப்படாதீங்க, அம்மா வந்திருக்காங்க. தாயார் வந்திருப்பதையும் அப்படித்தானே சொல்லுவார்கள்? வேறு எப்படிச் சொல்லுவார்கள்?

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக உறையூருக்குப் போயிருக்கலாம். ஒரு நடைதான். ஆனால் இன்னும் நிச்சயமில்லையே, அம்மையாகவும் இருக்கலாமே என்று ஒரு பக்கம் பயம். அதைவிடப் பசி. பெரிய கடைத்தெருவில் ஒரு பாய் ஹோட்டலில் சுடச்சுடச் சாப்பாடு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ச் சாப்பிட்டேன். திருச்சியில் நான் வயிறாரச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அது. ருசி கூட ஞாபகம் இருக்கிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் காலை நடந்தே போனேன். இந்தத் தடவை கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவி விட்டிருந்தார்கள். வேப்பிலை இல்லை. செல்லம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோவிந்தசாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு, வற்றிப் போன முகத்தோடு, வேலை செய்யும் சக்கரத்தின் பக்கத்தில் இருந்தார். அவர் முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை, தழும்பு இல்லை.

"வாங்க" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சாவு வீட்டில் வாங்க என்று சொல்ல மாட்டார்கள்.

"மாமியார் நேத்துப் போயிட்டாங்க" என்றார்.

செல்லம்மாள்தான் விவரம் சொன்னார். அழுது தீர்ந்து போனவர் பேசுவது போல, வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னார்.

"ரெண்டு பேரும் படுத்துட்டோமுன்னு கேள்விப்பட்டு அம்மா தொட்டியத்துலேருந்து வந்துச்சு. தோட்டத்துலேருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் இடுப்புல தூக்கிக்கிட்டு. கஞ்சி வச்சு, கஷாயம் வச்சு, எங்களை எந்திரிக்க வச்சுது. நீங்க வந்தீங்களே, அன்னிக்கு ராத்திரியே அதுக்குக் காய்ச்சல் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. மறுநாள் மூச்சு இழுக்குது. பால்காரர் வரலை. ஏன்னு கேக்க ஆள் இல்லை, சந்தே படுத்துக் கிடக்கு. முந்தாநேத்துச் சாயங்காலம் நானே ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்னு. அம்மை வீட்டுக்கு வண்டி வராதுங்குறாங்க. அம்மை இல்லீங்க, ஜுரம்தான்னு காலைப் பிடிக்காத குறை. கொழும்பு ஆளே கண்ணால பாத்துச் சொன்னாரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

நான் பார்வையைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அப்படின்னு என்னென்னமோ சொல்றாங்க. கொழும்பு ஆள்னா யாரு? நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. நீங்க உள்ளேயே வரலையே, நீங்க எப்படிச் சொல்லுவீங்க? எந்தப் பாவியோ கிளப்பி விட்டுட்டு உங்க பேரைச் சொல்லியிருக்கான்."

"விடு செல்லம்" என்றார் கோவிந்தசாமி. "நேத்துக் காலையில தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனா, ரொம்ப லேட்டுன்னுட்டாங்க. முன்னாடி போயிருந்தாலும் எப்படியோ. யாருக்குத் தெரியும்?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றேன்.

செல்லம்மாள் பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். காய்ச்சியதா என்று கேட்கவில்லை. அவர்கள் டம்ளரில், வாய் வைத்துக் குடித்தேன்.

கோவிந்தசாமி மரப்பெட்டியைத் திறந்து, நீல நிறக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். பதினாலும் இருந்தன. கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் பளீரென்றது.

"எப்ப முடிச்சீங்க?"

"காய்ச்சல் வர்றதுக்கு முந்தியே. இவ அன்னிக்கே உங்ககிட்டக் குடுக்கலாம்னுதான் உள்ளே எடுக்க வந்தா. செத்த இருங்கன்னு சொல்லிட்டுத் திரும்புறதுக்குள்ள உங்களைக் காணோம்."

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு" என்றார் செல்லம்மாள். "அவசர ஜோலி போலன்னு அம்மா சொன்னுச்சு. பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து வந்தவருக்கு ஒரு வாய் மோர் கூடக் குடுக்கலையேன்னு அம்மாவுக்குத்தான் வருத்தம்."

அந்த மோரை நான் இன்னும் விழுங்கவில்லை.

எழுந்தேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். நம் பெரியவர்கள் வைத்த வழக்கம். அன்று அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! எதையும் சொல்லாமல் கிளம்பினேன்.

ஜட்கா ஸ்டாண்டில் காதர் பாய் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். "பாய், அந்தச் சந்துல அம்மை ஒண்ணும் இல்லையாம். யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க. சவாரி போகலாம்" என்றேன்.

பாய் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார்.

கடைக்குத் திரும்பிப் போனால் இன்னொரு தண்டனை காத்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. என் நாலு பக்கக் கடிதத்தை முதலாளி கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டியிருந்தார். இட்லி கல் மாதிரி, கல்லோ கிடைக்கவில்லை என்ற வரியை ஆசாரிகள் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த வரி யார் கண்ணிலும் படவில்லை. தோடு முடிந்தது, கல்யாணப் பெண் போட்டுக்கொண்டு போனாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பு, ஊர் திரும்பும் வழியில், கடற்கரையில் இருக்கும் மண்டபம் முகாமில் ஒன்று நடந்தது. கப்பல் ஏறுகிறவர்களை அங்கே வரிசையில் நிறுத்தி, நாக்கைப் பார்த்து, கையைப் பார்த்து, கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார்கள். என் கையில் இருந்த குத்தின காயத்தைப் பார்த்துவிட்டு அந்த உத்தியோகஸ்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"அம்மை கண்ட வீடு எதுக்காவது போனீங்களா?"

"இல்லை" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. அந்த வீட்டுல அம்மை இல்லைங்க. அவங்க அம்மாதான் வந்திருந்தாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வீடு என்று கேட்கவும் அவருக்கு நேரமில்லை. இல்லை என்று மட்டும் எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.